துளைப்பான் வண்டின் துணைப் பூசணம்: இனம் பிரிப்பது எப்படி?

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது, பார்வைக்குத் திடமாக இருந்த கிளை ஒன்று கைபட்டவுடன் முறிந்து விழுவதுண்டு. முறிந்த இடத்தைக் கவனித்தால், பென்சில் பருமனுள்ள தண்டில் குண்டூசித் தலை நுழையும் அளவுக்கு வட்டமான துளை ஒன்று தெரியும். தண்டைப் பிளந்து பார்த்தால், உள்ளே மோதிரம்போல் வளைந்தோடும் குடைவும், கறுத்துப்போன அதன் சுவரும், அங்கே பதுங்கியிருக்கும் எள்ளினும் சிறிய கருநிற வண்டும் காணப்படும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நடுத்தர உயரத்திலுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு நெடுங்காலமாகத் தொல்லை தந்துவரும் தண்டுத் துளைப்பான் இதுவே. தோட்டங்களில் இதை "ஷாட் ஹோல் போரர்" என்றே கூறுவர்.

துளைப்பதனால் இந்த வண்டு மரத்தைத் தின்று வாழ்கிறது என்று பலரும் நினைக்கின்றனர். அது சரியல்ல. குடைந்த மரத்தூளை வண்டு வெளியே தள்ளிவிடுகிறது. புழுக்களும் மரத்தைத் தொடுவதில்லை. குடைவின் உட்சுவரில் மெல்லிய வெல்வெட்டுத் துணி விரித்ததுபோல் படர்ந்திருக்கும் ஒரு பூசணமே தாய்க்கும் குஞ்சுகளுக்கும் உணவு. அந்தப் பூசணம் தானாக அங்கே முளைத்ததல்ல. வண்டு கொண்டுவந்து விதைத்தது.

மரத்துக்குள் ஒரு சாகுபடி

தாய் வண்டின் நீளம் இரண்டு முதல் இரண்டரை மி.மீ. மட்டுமே. அதன் வாயின் உட்புறம், தாடைகளை அடுத்து நுண்ணிய பைகள் இரண்டு உள்ளன. பிறந்த குடைவைவிட்டுப் புறப்படும் முன்பே பூசண விதைகளை இப்பைகளில் நிரப்பிக்கொள்கிறது. புதிய தண்டில் துளையிட்டு உள்ளே சென்றதும் அவற்றைச் சுவரில் பதிக்கிறது. பூசணம் படர்ந்த பிறகே முட்டையிடுகிறது. பொரித்து வரும் புழுக்கள் அந்தப் பயிரை மேய்ந்து வளர்கின்றன. வேண்டாத பூசணங்கள் தலைகாட்டினால் தாய் வண்டு களையெடுப்பதுபோல் அவற்றை அகற்றிவிடுகிறது. தாய் இறந்துவிட்டால் சில நாட்களிலேயே குடைவு முழுவதும் கண்ட கண்ட பூசணங்களும் மண்டிவிடும்.

ஆண் வண்டு உருவில் சிறியது, பறக்க இயலாதது. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது. உடன்பிறந்த பெண் வண்டுகளுடன் குடைவுக்குள்ளேயே இணைகிறது. எனவே வெளியே பறந்து செல்லும் ஒவ்வொரு பெண் வண்டும் கருவுற்றதாகவும் பையில் பூசணத்தைச் சுமந்ததாகவும் இருக்கும். ஒரே ஒரு பெண் வண்டு புதிய இடத்தை அடைந்தாலும் அங்கே ஒரு குடியேற்றம் தொடங்கிவிடும் என்பதற்கு இதுவே காரணம்.

வண்டின் இந்த வாழ்க்கை முறையைக் கணக்கில் கொள்ளாமல் மருந்தடித்ததன் விளைவை இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் அனுபவித்துள்ளன. துளைப்பானை அழிக்க டீல்டிரின் தெளித்தார்கள். அம்மருந்து இலை பிணைக்கும் புழுவை அடக்கிவைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவியையும் கொன்றுவிட்டது. ஜாவாவிலிருந்து 1930-களில் வரவழைத்துப் பரப்பிய குளவி அது. குளவி குறைந்ததும் இலைப்புழு பெருகி, ஒரு பூச்சிக்குப் பதில் இரண்டு பூச்சிகளுடன் போராட வேண்டியதாயிற்று. தண்டுக்குள் இருந்துகொண்டு பூசணத்தை உண்ணும் பிராணிக்கு, இலையிலும் பட்டையிலும் படிந்த நஞ்சு எட்டுவது கடினம்.

தோட்டக்காரர் கண்ட அமுது

இப்பூசணத்தை முதலில் கவனித்தவர் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் அல்லர். ஆஸ்திரியாவில் ஒரு மடத்தின் பழத்தோட்டத்தைப் பராமரித்துவந்த ஜோசப் ஷ்மிட்பெர்கர் என்ற துறவி அவர். மரத்தைத் துளைத்த வண்டுகளின் குடைவில் வெள்ளையாக ஒரு பொருள் பூசியிருப்பதையும், புழுக்கள் அதை உண்பதையும் அவர் கண்டார். மரத்தின் சாற்றைக் கொண்டு வண்டு தயாரித்த உணவு என்று எண்ணி, 1836-ல் அதற்கு "அம்ப்ரோசியா" என்று பெயரிட்டார். கிரேக்கக் கதைகளில் தேவர்கள் உண்ணும் அமுதுக்கு அதுதான் பெயர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1844-ல், அது பூசணம் என்று ஜெர்மானிய வன அறிஞர் தியோடர் ஹார்ட்டிக் கண்டறிந்தார். அதற்குள் அமுது என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் இவ்வகை வண்டுகளை அம்ப்ரோசியா வண்டுகள் என்றும், அவை வளர்க்கும் பூசணங்களை அம்ப்ரோசியா பூசணங்கள் என்றும் அழைக்கின்றனர். உலகில் இத்தகைய வண்டினங்கள் மூவாயிரத்துக்கும் அதிகம்.

வண்டு பூசணத்தை எதில் வைத்துச் சுமக்கிறது என்பது அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேல் புரியாமலே இருந்தது. வண்டின் உடலில் இதற்கென்றே தனிப் பைகள் உள்ளன என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த ஹெலேனே பிராங்கே-கிராஸ்மான் 1950-களில் தெளிவாக்கினார். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பூசண அறிஞர் லேக் ராஜ் பாத்ரா, 1963-ல் அப்பைக்கு "மைக்காஞ்சியம்" என்று பெயர் சூட்டினார். 1967-ல் இப்பூசணங்கள் அனைத்தையும் திரட்டி ஒரு வகைப்பாட்டையும் வெளியிட்டார்.

கள்ளிச் செடிகள் தரும் பாடம்

இப்பூசணங்களை இனம் பிரிப்பது அறிஞர்களுக்கே பெரும் சோதனையாக இருந்தது. காரணத்தை விளக்க வேலியோரத்துக் கள்ளிகளே போதும்.

சப்பாத்திக் கள்ளியையும் சதுரக் கள்ளியையும் கிராமத்தில் கள்ளி என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். இரண்டிலும் முள் உண்டு. சதைப்பற்றான தண்டு உண்டு. வறட்சியைத் தாங்கும் குணம் உண்டு. ஆனால் ஒடித்துப் பார்த்தால் சதுரக் கள்ளியில் பால் வடிகிறது, சப்பாத்தியில் வடிவதில்லை. சதுரக் கள்ளி ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. சப்பாத்திக் கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறொரு குடும்பம். வறண்ட நிலத்தில் வாழ வேண்டிய கட்டாயம் உறவில்லாத இரு செடிகளுக்கும் ஒரே தோற்றத்தைத் தந்துவிட்டது.

வண்டின் குடைவுக்குள் வாழும் பூசணங்களுக்கும் இதே நிலைதான். எந்தக் குலத்தில் பிறந்த பூசணமாயினும், குடைவுக்குள் வந்ததும் நுனி பருத்த குட்டையான இழைகளை நெருக்கமாக எழுப்பி, புழு கடித்துத் தின்ன வசதியாக உருண்டையான அணுக்களைத் தாங்கி நிற்கிறது. வண்டின் பைக்குள் சென்றால் ஈஸ்ட்டைப்போல் மொட்டுவிட்டுப் பெருகுகிறது. பெரும்பாலானவற்றில் பாலினப் பெருக்கத்துக்கான உறுப்புகளே காண்பதில்லை. பூசணங்களின் உறவுமுறையைப் பழைய அறிஞர்கள் அந்த உறுப்புகளைக் கொண்டே கணித்துவந்தார்கள். அவை இல்லாதபோது தோற்றத்தை மட்டும் நம்பி வகைப்படுத்த வேண்டியதாயிற்று. அவ்வாறே 1965-ல் அம்ப்ரோசியெல்லா, ராபேலியா என்ற இரு பேரினங்கள் நிறுவப்பட்டு, கிடைத்த பூசணங்களில் பல இவ்விரண்டில் ஒன்றில் அடைக்கப்பட்டன.

கள்ளியை ஒடித்துப் பால் பார்ப்பதுபோன்ற ஒரு சோதனையும் கிடைத்தது. சைக்ளோஹெக்சிமைடு என்ற மருந்தைக் கலந்த ஊட்டத்தில் பூசணத்தை வளர்த்துப் பார்த்தால், சில தங்குதடையின்றி வளர்ந்தன. சில வளரவே மறுத்தன. அம்ப்ரோசியெல்லா என்ற ஒரே பெயரில் இருந்தவற்றிலேயே இந்த வேறுபாடு காணப்பட்டது. பிறகு மரபணுவைப் படிக்கும் முறை வந்ததும் ஐயம் நீங்கியது. அம்ப்ரோசியெல்லா ஒரே குடும்பம் அல்ல, உறவில்லாதவை ஒன்றாகக் கட்டப்பட்ட மூட்டை என்பதை 1996-ல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்தைத் தாங்கியவை 2010-ல் ராபேலியாவுக்கு மாற்றப்பட்டன.

தெரிந்த நோய்களின் உறவினர்

இன்று இப்பூசணங்களைச் சில பெரிய கூட்டங்களாகப் பிரிக்கின்றனர். பெயர்கள் வாயில் நுழையாதவையாகத் தோன்றினாலும், இவற்றின் உறவினர்கள் தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பழக்கமானவர்களே.

முதலாவது, அம்ப்ரோசியெல்லா. மூட்டையைப் பிரித்தபின் இந்தப் பெயருக்கு எஞ்சியவை, தென்னையில் சாறு வடிதல் நோயையும் கரும்புக் கரணையில் அன்னாசி நோயையும் உண்டாக்கும் பூசணத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ரொபஸ்டா காப்பியின் இளங்கிளைகளைத் துளைக்கும் கரு வண்டு வளர்ப்பது இக்கூட்டத்துப் பூசணத்தையே. ஐவரி கோஸ்ட் நாட்டுக் காப்பிச் செடியிலிருந்துதான் அது முதலில் விவரிக்கப்பட்டது. இந்த வண்டின் பை வாயில் இல்லை. முதுகில், மார்பின் இரு வளையங்கள் சேரும் இடத்தில் உள்ளது. முதுகில் பெரிய பையுள்ள வண்டுகளில் அம்ப்ரோசியெல்லாக் கூட்டம் இருப்பது பொதுவாகக் காணும் வழக்கம். எனவே வண்டின் பை இருக்கும் இடத்தைப் பார்த்தே பூசணத்தின் குலத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

இரண்டாவது, ராபேலியா. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எல்ம் மரங்களைக் கூட்டங்கூட்டமாக அழித்த நோய்ப் பூசணத்தின் இனம் இது. சைக்ளோஹெக்சிமைடு மருந்தைத் தாங்குவது இக்கூட்டத்தின் அடையாளம்.

மூன்றாவது, பியூசேரியம். இந்தப் பெயரை வாழை விவசாயிகள் வாடல் நோயின் மூலம் நன்கு அறிவார்கள். விதை நேர்த்திக்குப் பயன்படும் டிரைக்கோடெர்மா விரிடியும் இதே வரிசையில் அடங்கும். ஒரே வரிசையில் பகையும் நட்பும் இருப்பது பூசண உலகில் வியப்புக்குரியதல்ல. தேயிலைத் துளைப்பான் வளர்ப்பது பியூசேரியத்தின் ஒரு கிளையை.

இவை தவிர ஈஸ்ட் வகையைச் சேர்ந்த அம்ப்ரோசியோசைமா என்பதும் குடைவுகளில் காணப்படுகிறது. கடைசியாக அறியப்பட்டது பிளாவோடான். இது குடைக் காளான்கள் அடங்கிய பெரும் பிரிவைச் சேர்ந்தது. தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்கும் கானோடெர்மாவுக்குத் தூரத்து உறவு. மற்றப் பூசணங்கள் மரத்தின் சாற்றிலுள்ள சத்தை மட்டும் பெரும்பாலும் உறிஞ்ச, இது கட்டையையே மக்கச் செய்யும் ஆற்றலுள்ளது.

இத்தனை கூட்டங்கள் இருப்பதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. வண்டும் பூசணமும் சேர்ந்து வாழும் வழக்கம் ஒரே ஒருமுறை தோன்றிப் பரவியதல்ல. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வண்டுக் குலங்கள், வெவ்வேறு பூசணங்களைத் தனித்தனியே பயிராக்கிக்கொண்டுள்ளன.

தேயிலைப் பூசணத்தின் பெயர் மாற்றங்கள்

தேயிலைத் துளைப்பானின் பூசணத்தை முதலில் விவரித்தவர்கள் இலங்கையில் ஆய்வு செய்த காட், லூஸ் என்ற இருவர். 1947-ல் அவர்கள் அதற்கு மோனக்ரோஸ்போரியம் அம்ப்ரோசியம் என்று பெயரிட்டனர். விதையின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. ஆனால் அந்தப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த மற்றப் பூசணங்களில் பல, மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கண்ணி வைத்துப் பிடித்து உண்பவை! வண்டுக்கு உணவாகும் பூசணத்தை வேட்டையாடும் பூசணங்களோடு சேர்த்துவைத்த அந்தத் தவறு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. 1990-ல் அது பியூசேரியம் அம்ப்ரோசியம் ஆயிற்று. இந்தியப் பூசண அறிஞர் அக்னிஹோத்ருடுவின் பெயர் அந்தப் பெயருடன் சேர்த்தே எழுதப்படுகிறது. 2015-ல் ஒரு சாரார் அதை நியோகாஸ்மோஸ்போரா என்ற பேரினத்துக்கு மாற்றினர். இன்னொரு சாரார் பியூசேரியம் என்பதே பொருந்தும் என்கின்றனர். இந்த வழக்கு முடியவில்லை. புத்தகத்தில் எந்தப் பெயரைக் கண்டாலும் பூசணம் ஒன்றே என்பதைப் படிப்பவர்கள் நினைவில் கொண்டால் போதும்.

பெயர் தவறினால் என்ன நேரும்?

இவ்வளவும் ஏட்டுச் சர்ச்சை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. கலிபோர்னியாவில் நடந்தது அதற்குச் சான்று.

அங்கே லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 2003-ல் ஒரு துளைப்பான் வண்டு பிடிபட்டது. உருப்பெருக்கியில் பார்த்தபோது தேயிலைத் துளைப்பானிலிருந்து வேறுபாடு எதுவும் தெரியவில்லை. எனவே அதே பெயரைக் கொடுத்தார்கள். தேயிலைத் துளைப்பான் செடியை முழுவதும் கொல்வதில்லை. குடைந்த இடத்தில் கிளை முறியும், மகசூல் குறையும். ஆனால் 2012-ல் அப்பகுதி வீட்டுத் தோட்டம் ஒன்றில் வெண்ணெய்ப் பழ மரத்தின் கிளைகள் காய்ந்துவருவது கண்டறியப்பட்டது. வண்டின் துளையைச் சுற்றி மரம் பழுப்பேறி, பூசணம் நீர்க்குழாய்களில் பரவியிருந்தது. இஸ்ரேலிலும் 2009-ல் இருந்தே அதே சேதம். இரண்டு நாடுகளிலும் இருந்த பூசணம் ஒன்றே. அது தேயிலைப் பூசணம் அல்ல. 2013-ல் பியூசேரியம் யுவல்லேசியே என்ற தனிச் சிற்றினமாக அதைப் பதிவுசெய்தனர். வண்டுகளின் மரபணுவும் வேறுபட்டிருந்தது. பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தவை உண்மையில் பல சிற்றினங்கள். இந்த இனம் தென்னாப்பிரிக்காவிலும் 2017-ல் காணப்பட்டு, நகரங்களின் நிழல் மரங்களைப் பாழாக்கியது.

பெயர் விவகாரத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. "ஃபோர்னிகேட்டஸ்" என்ற பெயரை 1868-ல் ஐக்காஃப் என்பவர் இலங்கையில் பிடித்த வண்டுக்குச் சூட்டியிருந்தார். அதுவே தேயிலைத் துளைப்பான் என்று எல்லாரும் நூறாண்டுகளுக்கு மேல் எழுதிவந்தனர். 2019-ல் பழைய மாதிரிகளை மீண்டும் ஆராய்ந்தபோது, அந்தப் பெயருக்கு உரியது கலிபோர்னியாவில் மரங்களைக் கொல்லும் இனமே என்று முடிவாயிற்று. தேயிலையைத் தாக்கும் இனங்களுக்கு பெர்ப்ரெவிஸ், ஃபோர்னிகேட்டியர் என்ற வேறு பெயர்கள் உரியவையாயின. ஆகவே 2019-க்கு முன் வெளியான கையேடுகளில் ஃபோர்னிகேட்டஸ் என்று கண்டால், எந்த வண்டைக் குறிக்கிறது என்பதைப் பயிரைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

ராபேலியாக் கூட்டத்தின் கதை இதைவிடக் கடுமையானது. ஆசியாவிலிருந்து சென்ற ஒரு வண்டு 2002-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் துறைமுகம் ஒன்றின் அருகே பொறியில் சிக்கியது. சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டங்களில் சென்றிருக்கலாம் என்று கருதுகின்றனர். அது சுமந்துசென்ற பூசணம், அங்குள்ள லாரல் குடும்பத்து மரங்களைப் பெருமளவில் வாடச் செய்தது. புளோரிடாவின் வெண்ணெய்ப் பழத் தோட்டங்களும் தப்பவில்லை. 2008-ல் ராபேலியா லாரிகோலா என்று பெயர் பெற்ற அப்பூசணம், 2022-ல் ஹாரிங்டோனியா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றப்பட்டது. வண்டு தன் உணவுக்காகக் கொண்டுசென்ற பயிர், பழக்கமில்லாத மரத்தில் நஞ்சாயிற்று. கீழ்ப்பழனி மலையிலும் நீலகிரியிலும் வெண்ணெய்ப் பழம் வளர்ப்போர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

தோட்டத்தில் கண்டறிவது எப்படி?

உத்திரத்திலும் மூங்கிலிலும் மாவுபோல் தூள் கொட்டும் உளு வேறு, இது வேறு. உளுப் பூச்சி காய்ந்த மரத்தைத் தின்னும். அம்ப்ரோசியா வண்டு ஈரமுள்ள மரத்தையே நாடும். மரம் காய்ந்தால் பூசணம் பட்டுப்போகும், வண்டும் வாழாது. மாமரத் தண்டுத் துளைப்பானின் புழு உண்மையிலேயே மரத்தைத் தின்பது. அதன் குடைவு விரல் நுழையும் அளவு அகன்று, சக்கை அடைத்திருக்கும். அம்ப்ரோசியா வண்டின் குடைவோ துப்புரவாக இருக்கும், சுவர் கறுத்திருக்கும், துளையின் வாயில் வெண்ணிறத் தூள் அல்லது மெல்லிய குச்சிபோல் ஒட்டிய மரத்தூள் தெரியும்.

காப்பியில் துளைபட்ட கிளையைத் துளைக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே வெட்டி எரித்துவிட வேண்டும். பழ மரங்களில் தாக்குண்ட கிளைகளை வெட்டி அப்படியே வேலியோரம் குவிப்பது தவறு. ஈரம் இருக்கும்வரை வண்டுகள் வெளிவந்துகொண்டே இருக்கும். ஓர் அங்குலத்துக்கும் சிறிய துண்டுகளாக நறுக்கி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வாட்டினால் வண்டும் பூசணமும் அழியும். விறகுக்காக அக்கிளைகளை வேறு ஊருக்கு ஏற்றிச் செல்லக் கூடாது.

இதுவரை காணாத மரத்தில் இத்தகைய துளைகளைக் கண்டால், துளையுள்ள கிளையில் அரை அடி நீளத் துண்டு ஒன்றை வெட்டிக் காகித உறையில் இட்டு, அருகிலுள்ள வேளாண் அல்லது தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு அன்றே அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வேர்த்து, வேறு பூசணங்கள் மண்டி, உரிய பூசணத்தைப் பிரித்தெடுக்க முடியாமல் போய்விடும். வண்டுகள் கிடைத்தால் சிலவற்றைச் சாராயத்தில் போட்டு ஒரு சிறு குப்பியில் தனியே வைக்கலாம். சிலவற்றை உயிருடன் கிளைக்குள்ளேயே விட்டு அனுப்புவது அவசியம்; பூசணம் அவற்றின் பையில்தான் கலப்பின்றிக் கிடைக்கும். மரத்தின் பெயர், ஊர், கடல் மட்டத்திலிருந்து உயரம், கிளை மட்டும் காய்கிறதா மரமே வாடுகிறதா என்ற விவரங்களை ஒரு சீட்டில் எழுதி உறையுடன் இணைக்க வேண்டும்.